துரைக்கு வாங்கிய விசிறி

ஸ்பேனரை இக்னேஷியஸ் மூன்று விரல்களால் மட்டும் பிடிக்கிறார். மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கின்றன. நட்டு இறுகும் நேரத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. பிறகு சூடான பாத்திரத்தைத் தொட்டவர் போலக் கையை வெடுக்கென்று எடுத்துவிடுகிறார்.

"இன்னும் கால் சுத்து சுத்தலாம்னு கை சொல்லும். கேக்கக் கூடாது. இது டேங்க் கை."

ஆவடியில் ராணுவ டேங்குகளுக்கு முப்பது வருடம் போல்ட் முடுக்கிய கை அது. ஓய்வுக்குப் பிறகு வாங்கிய காரில், முதல் வாரமே கார்புரேட்டரின் மரையைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து இரண்டு விரல்களுக்கு வேலை கிடையாது.

கார் அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கை. துணிக் கூரை மக்கிப் போனதால் கழற்றிவிட்டார். தரையை ஒட்டி ஓடும் வண்டி. ஷேர் ஆட்டோவில் போகிறவர்கள் அவருடைய வழுக்கையை மேலிருந்து பார்த்துக்கொண்டு போகிறார்கள். காரை அவர் 'தொர' என்றுதான் சொல்வார். துரைக்கு மில்லிமீட்டர் ஆகாது. பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் ஆடும், பன்னிரண்டு ஏறாது. அரை அங்குலம் என்று கேட்டால்தான் நட்டு அசைந்துகொடுக்கும்.

இரவில் காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைக்கிறார். காலையில் காபிக்கு முன் அதை உருவி, எண்ணெய்ச் சொட்டுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறார். "மொத பக்கம் சுத்தம். வெளயாட்டுச் செய்தில மட்டும் ரெண்டு சொட்டு. தொர தேறிகினு வராரு."

பழமை கெடக் கூடாது என்ற பிடிவாதம் அவருக்கு இல்லை. முகப்பு விளக்கு எல்.ஈ.டி. ஆகிவிட்டது. செல்போன் சார்ஜர் இருக்கிறது. சீட் பெல்ட்டும் புதிது. தனியாக ஓட்டும்போது பக்கத்து இருக்கையின் பெல்ட்டையும் பூட்டிவிடுகிறார், இல்லாவிட்டால் கொக்கி ஆடிச் சத்தம் போடும் என்று.

தனியாகத்தான் ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு மனைவி ஞானகுமாரியோடு போனபோது, கரையான்சாவடி நெரிசலில் ரேடியேட்டர் கொதித்துப் பொங்கியது. பின்னாலிருந்த லாரிக்காரன் இறங்கி வந்து, "அண்ணாத்தே, இட்லி வெந்துச்சா பாரு" என்றான். ஞானகுமாரி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினாள். "இனிமே இதுல நான் குந்துனா ஏன்னு கேளுங்க" என்றாள். இக்னேஷியஸ் கேட்கவில்லை. அவளை மறுபடியும் அந்த இருக்கையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு துரைக்கு நடந்த எல்லா வைத்தியத்துக்கும் காரணம்.

போன மாதம் மின்விசிறி வந்தது. உடைக்கப் போட்ட மாருதி வேனில் இருந்து எடுத்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று, வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும். எதிர்ப்புறம் பஞ்சர் கடை வைத்திருக்கும் துலுக்கானம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாமே, லண்டன் தொரைக்கு மாருதி மூக்கா?"

"மூச்சு வுடணும்ல. மூக்கு எந்த ஊரா இருந்தா இன்னா?"

இன்ஜினை ஓடவிட்டு விசிறியைப் போட்டார். நன்றாகச் சுற்றியது. ஆனால் வெப்பமானியின் ஊசி இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. தண்ணீரை மாற்றினார், ரப்பர் குழாயை மாற்றினார். ஊசி ஏறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாவு வாங்கிக்கொண்டு வந்த ஞானகுமாரி, வழியை அடைத்துக்கொண்டு உறுமிய காரின் முன்னால் நின்றாள். நின்றவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாங்க இது, மூஞ்சில அனலா அடிக்குது? ஃபேனு காத்த உள்ள இழுக்கும்னு சொன்னீங்க?"

இக்னேஷியஸ் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றார். அனல் அவர் முகத்திலும் அடித்தது. விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது ஓடும் கார்களில் பேட்டரியின் மைனஸ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். துரைக்கு உடம்பு பிளஸ்; மைனஸ் ஒயரை அதில் முடுக்கினால் விசிறி திசைமாறிச் சுற்றும். அது அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பழக்கத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று விட்டுவைத்தவரே அவர்தான். ஆனால் கறுப்பு ஒயரைக் கண்டால் உடம்பில் முடுக்குவது கையின் முப்பது வருட வழக்கம். அவரைக் கேட்காமல் அது முடுக்கிவிட்டது.

"கம்னாட்டிக் கை" என்று வலது கையை இடது கையால் அடித்தார்.

ஒயர்களை மாற்றிப் போட்டார். ஞானகுமாரி மாவுக்கடை ரசீதைக் காரின் முன் கம்பிகளுக்கு எதிரே பிடித்தாள். விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கம்பியில் ஒட்டியது. எடுத்தாள், மறுபடி பிடித்தாள், மறுபடி ஒட்டியது. மாவு வெயிலில் கிடந்தது.

"கரையான்சாவடில இது தாங்குமா?" என்றாள்.

"தெர்ல."

"போய்ப் பாத்தாத்தான தெரியும்?"

பட்டு இல்லை, பழைய வாயில் புடவை. பூட்டியிருந்த பெல்ட்டைக் கழற்றி உட்கார்ந்தாள். ரேடியேட்டருக்கென்று பிடித்த இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு மூடியைத் திருகித் தளர்த்தினாள். கார் பருத்திப்பட்டைத் தாண்டியது. கரையான்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் நான்கு பக்கமும் நின்றன. ஊசி ஏறியது. இக்னேஷியஸ் பொத்தானை அழுத்தினார். விசிறி உறுமியது. ஊசி நின்றது, நின்ற இடத்தில் நடுங்கியது, பிறகு ஒரு கோடு இறங்கியது.

ஞானகுமாரி ஊசியைப் பார்த்தாள். இன்னொரு கோடு இறங்கும்வரை பார்த்தாள். பிறகு பாட்டிலைத் தூக்கி, கூரையில்லாத காரில் அண்ணாந்து, உதட்டில் படாமல், துரையின் தண்ணீரைக் கடகடவென்று குடித்தாள்.