கடைசி அஞ்சு நம்பர்

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், முப்பது லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி மேய்ப்பவள் அவள். பன்னிரண்டு வருட வேலை. "தேடினா வர மாட்டேங்குது" என்று யார் கத்தினாலும் மேலாளர் வாயில் ஒரே மந்திரம்: "இன்னொரு இண்டெக்ஸ் போட்டு விடுங்க மேடம்."

புத்தகத்தின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கம் என்று போட்டிருக்குமே, அந்த மாதிரிப் பட்டியல்தான் இண்டெக்ஸ். அவளும் போட்டாள். பெயருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, போன் நம்பருக்கு ஒன்று என்று மொத்தம் பதினொன்று. புதிதாக ஒரு நோயாளி வந்தால் பதினொரு பட்டியலிலும் எழுதியாக வேண்டும் என்பதால் பதிவதும் நொண்டியடித்தது. தேடலோ நாற்பது விநாடியிலிருந்து இம்மியும் அசையவில்லை. அவளுக்குக் கடுப்பு தலைக்கேறியது.

பழி விழுந்தது கீழ்த்தளத்தில் நோயாளிகளின் பதிவைத் தேடி எடுக்கும் கவுண்டர்க்காரி மேல். வரிசை நகராததற்கு அவளுடைய மந்தம்தான் காரணமாம். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வர வேண்டாமாம். அந்தக் கவுண்டர்க்காரி வேறு யாருமில்லை, இவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை.

"உங்க மெஷின் தூங்குது, என் வேலை போகுது அண்ணி" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை காலை பொறுக்க முடியாமல் கீழே இறங்கிப்போய் நாத்தனாருக்குப் பின்னால் நின்றாள். ஒரு பெரியவர் தன் போன் நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தார்.

"கடைசி அஞ்சு மட்டும் சொல்லுங்க ஐயா" என்றாள் நாத்தனார்.

"எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பியா?" என்றாள் இவள்.

"பின்ன? பத்தையும் கேட்டா பாதிப் பேரு உளறுவாங்க. அஞ்சைத் தட்டினா இருபது முப்பது பேரு வருவாங்க, பேரைக் கேட்டு எடுத்துக்குவேன்."

இவள் தலையில் அடித்துக்கொண்டாள். இவள் போட்ட போன் பட்டியல் நம்பரின் முதல் இலக்கத்திலிருந்து அடுக்கியது. வால் மட்டும் தெரிந்தால் மெஷினுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. முப்பது லட்சத்தையும் துழாவித்தான் ஆக வேண்டும்.

மதியத்துக்குள் கடைசி ஐந்து இலக்கத்தைத் தனியே பிரித்து வைத்து, அதற்கு ஓர் இண்டெக்ஸ் போட்டாள். யாருக்கும் உதவாத ஏழு இண்டெக்ஸைத் தூக்கி எறிந்தாள். நாத்தனார் விரலை எடுப்பதற்குள் பெயர்கள் வந்து நின்றன. வரிசை மளமளவென்று கரைவதைப் பார்த்த மேலாளர், "திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடும்மா" என்று வழிந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அதே மேசை. நாத்தனாருக்குச் சந்தோஷப்படுவதா, சண்டை போடுவதா என்று தெரியவில்லை.

"மூணு வருஷமா தினம் உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிடுறேன். எப்படித் தேடுறேன்னு ஒரு தடவை என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணி?"