பஞ்சு வைத்த ஜாக்கெட்

பாண்டி பஜாரில் டெய்லர் கோதண்டபாணி தைத்த ஜாக்கெட்டைக் குறை சொன்னவர் கிடையாது. அளவு நாடா சும்மா கழுத்தில் தொங்கும். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவான். அந்தக் கையால்தான் தன் மனைவி தேவானையின் ஜாக்கெட்டுகளை மாதத்துக்கு மாதம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய்.

எழுபத்தைந்தாம் வருஷம் அது. ஊசி குத்திக் குத்தி, அவளுடைய இரண்டு கைகளிலும் நரம்பே அகப்படாமல் போயிற்று. பெரிய டாக்டர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைக் கழுத்துக்குக் கீழே காறை எலும்பை ஒட்டிப் பெரிய நரம்புக்குள் செலுத்தி, நுனியை மார்பின்மேல் வெளியே விட்டு மூடி போட்டார். இன்னும் நான்கு தவணை மருந்து அதன் வழியாக உள்ளே போனால் பிழைக்க வழியுண்டு என்றார். அந்த இடத்தில் ஈரம் தங்கக் கூடாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நர்ஸிடம் வந்து குழாயைக் கழுவிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். குளிர் காய்ச்சல் கண்டால் உடனே ஓடி வர வேண்டும். கோதண்டபாணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஆனால் பஸ் நெரிசலில் யாராவது இடித்தால் தேவானை துடித்துப் போவாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. இடது தோளில் பிரஸ் பட்டன் வைத்துத் திறக்கிற மாதிரி மூன்று ஜாக்கெட் தைத்தான். குழாய் படுகிற இடத்தில், துணிக்கு உள்ளே இலவம்பஞ்சு வைத்து மெத்தை மாதிரி அடைத்தான். நர்ஸ் பட்டனைத் திறந்து பார்த்து, என்ன கெட்டிக்காரத்தனம் என்று மெச்சினாள். உள்ளே பஞ்சு இருந்தது அவளுக்குத் தெரியாது. தேவானை அந்த ஜாக்கெட்டை வார்டு முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டாள். இடி பட்டாலும் வலிக்கவில்லை என்று, ராத்திரி பகல் பாராமல் அதையே போட்டுக்கொண்டாள்.

கத்திரி வெயில் வந்தது. மூன்றாம் தவணை முடிந்த வாரம் அவளுக்குக் குளிர் காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் குழாயை உருவினார்கள். அதைச் சுற்றிச் சீழ். டாக்டர் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தார். வேர்வை ஊறிய பஞ்சு நசநசத்தது.

"இதுலதான் கிருமி வளர்ந்திருக்கு. யார் வெச்சுத் தெச்சது?"

கோதண்டபாணி வாயைத் திறப்பதற்குள் தேவானை முந்திக்கொண்டாள்.

"நாந்தான் டாக்டரய்யா. எம் புருசன் வேணாம்னுதான் சொல்லிச்சு. நாந்தான் கேக்காம பஞ்ச வெச்சுக்கினேன்."

டாக்டர் அவளைத் திட்டித் தீர்த்தார். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியவள் அத்தனையையும் வாங்கிக்கொண்டாள். கோதண்டபாணி மரமாக நின்றான். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவன் கடைசிவரை தன்னை மன்னிக்கவே இல்லை.

மருந்து ஏற்ற நரம்பு கிடைக்காமல் கணுக்காலைக் கீறித் தேடினார்கள். நாலாம் நாள் சாயங்காலம், ஏன் அப்படிச் சொன்னாய் என்று அவள் காதோரம் கேட்டான்.

"உன் தையல ஒருத்தன் ஒரு வார்த்த சொல்லிடக் கூடாதுய்யா."

மறுநாள் காலை அவள் போய்விட்டாள்.

உடுத்தி அனுப்ப ஜாக்கெட் கேட்டார்கள். அவள் மெலிந்த உடம்புக்கு அந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. துவைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து, பஞ்சை எடுத்துவிடலாம் என்று தையலைப் பிரிக்கப் பார்த்தான். கத்திரி கடையில் கிடந்தது. நகத்தால் பார்த்தான், பல்லால் பார்த்தான். பிரியவில்லை. அவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தான்.