பட்டனுக்குப் பின்னால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஐம்பத்து நான்கு வயது. பட்டன்மேல் எழுதியிருப்பதை அவர் நம்புவதில்லை. தகட்டைக் கழற்றி, ஒயர் எங்கே போகிறது என்று பார்ப்பார். ஓர் அலுவலகத்தில் கதவை மூடும் பட்டன் பதினோரு வருடமாக எதனோடும் இணைக்கப்படாமல் இருந்தது. அவர் சொல்லும்வரை யாரும் குறை சொன்னதில்லை. சொன்ன பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

மாடி வீட்டில் அவருடைய அக்கா இருக்கிறார். தையல் வேலை. அன்று மாலை நாலரைக்கு ஃபோனும் கையுமாக இறங்கி வந்தார். வங்கியிலிருந்து மெயில். ஐந்து மணிக்குள் சரிபார்க்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்களாம். புதிதாகப் பிடிக்கும் தையல் கடைக்கான முன்பணம் முழுவதும் அதில்தான் இருந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் கடை வேறொருவருக்குப் போய்விடும்.

"ஓடிபி கேக்குதுடா. அது எங்க வரும்?"

மெக்கானிக் மெயிலைப் படிக்கவில்லை. அதிலிருந்த நீலப் பட்டன்மேல் விரலை வைத்து அப்படியே பிடித்துக்கொண்டார். அது போகும் முகவரி திரையில் வந்தது.

"இது பேங்க் இல்லக்கா."

"முன்னாடியே பேங்க் பேரு இருக்கே, கண்ணு தெரியலயா?"

"அது வாசல்ல மாட்டின போர்டு. கடைசியில பாரு, வீடு வேற எவனுதோ."

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரேன்னு எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கான்!"

"இருபது வருஷமா கணக்கு வெச்சிருக்க. உன் பேரு கூடவா தெரியாது?"

"லிஃப்ட்ல தொங்கறவனுக்கு எல்லாம் தெரியும். சரி, கீழ நம்பர் போட்டிருக்கான், கேட்டுடலாம்."

"திருடன்கிட்டயே போலீஸ் நம்பர் கேக்கறியா? உன் கார்டை எடு."

கார்டின் பின்பக்கத்து எண்ணுக்கு அழைத்தார்கள். இசை ஒலித்தது. ஐந்து மணி அடித்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். வெட்டிப் போடும் பார்வை. ஐந்து பத்துக்கு ஒரு பெண் பேசினாள். கணக்கு நன்றாகவே இருக்கிறது, நாங்கள் எந்த மெயிலும் அனுப்பவில்லை என்றாள். பிறகு, பாஸ்வேர்ட் எதையாவது கொடுத்தீர்களா என்று கேட்டாள்.

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"காலையில ஒரு தடவை போட்டேன். பாஸ்வேர்ட் ஞாபகம் இல்ல, ஏதோ ஒண்ணு போட்டேன். சரின்னு எடுத்துக்கிச்சு."

"ஏதோ ஒண்ணையா?"

"பேங்க்ல எப்பவும் தப்பு தப்புன்னு சொல்லும். இதுல உடனே சரின்னுச்சு. நல்லா ஆக்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

பாதுகாப்புக்காகக் கணக்கை நிறுத்தி வைப்பதாக அந்தப் பெண் சொன்னாள். அடையாள அட்டையோடு நேரில் வந்தால் திறந்து தருவார்களாம்.

அக்கா ஃபோனை வைத்தார்.

"அஞ்சு மணிக்கு மூடுவேன்னு அவன் சொன்னான். அஞ்சே காலுக்கு இவங்க மூடிட்டாங்க. உன்கிட்ட வந்தேன் பாரு."

மெக்கானிக் தன் ஃபோனை எடுத்தார். மறுநாள் வேலைக்கு வர மதியமாகும் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினார்.

"பேங்க் பத்து மணிக்குத் திறக்கும். ஒன்பதரைக்கே போய் வாசல்ல நிப்போம்."

"ஒன்பது" என்றார் அக்கா.