ராஜகீழ்ப்பாக்கத்தில் பிளேக்?

மூக்கைக் காந்த வைத்து, கண்ணில் நீர் வரவழைக்கும் பிளீச்சிங் பவுடர் வாசனைதான் தொண்ணூற்று நான்காம் ஆண்டின் காலாண்டு விடுமுறையாக என் நினைவில் தங்கியிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவின் இரு பக்கமும், சாக்கடை ஓரமெல்லாம், கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. சூரத்தில் பிளேக் பரவிய செய்தி அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் படம், எலியைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்ற யோசனைகள், எந்த மாத்திரை மருந்துக்கடைகளில் தீர்ந்துபோனது என்ற தகவல், காய்ச்சல் கண்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவேண்டாம் என்ற அறிவிப்பு எல்லாவற்றையும் என் அப்பா ஆபீசுக்குக் கிளம்பும் முன் சத்தமாக வாசிப்பார். நாங்கள் இட்லியை விண்டபடி கேட்டுக்கொண்டிருப்போம்.

அந்தச் சூரத்தில்தான் சுமதியின் அப்பா வேலை பார்த்தார். சுமதியும் நானும் பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே தெருவில் அடுத்தடுத்தவை. நடுவில் இடுப்புயர மதில் ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை அவர் சேலை மில்லிலிருந்து லீவில் வரும்போது எங்கள் தெருப் பெண்களெல்லாம் "சூரத் சேலை" பார்க்க அவர்கள் வீட்டில் கூடிவிடுவார்கள். அந்த வருஷம் மில்லை மூடிவிட்டதால், நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்து, தொண்டை கட்டி, இருமிக்கொண்டு வந்து இறங்கினார். மறுநாள் அவருக்குக் காய்ச்சல்.

அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஏழுமலை, அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்துக்காரர். வயலை மனை போட்டு விற்று, வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்துபோய் அவர்தான் சுகாதார அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். ஆம்புலன்ஸ் வந்தது. சுமதியின் அப்பா யாருடைய தோளையும் பிடிக்காமல் தானே நடந்துபோய் ஏறிக்கொண்டார். வடசென்னையில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை ஏழுமலை மடித்த பத்திரிகையோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னா சார் இது, நம்ம தெரு பேரே போட்டுகீறான்!"

அப்பா வாங்கிப் பார்த்தார். முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, "ராஜகீழ்ப்பாக்கத்தில் பிளேக்?" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே தெருவின் பெயர், சுமதி அப்பாவின் பெயர், பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஒருத்தி இருக்கிறாள் என்பது வரை எல்லாம் இருந்தன.

"கேள்விக்குறிதானே போட்டிருக்கான், ஏழுமலை" என்றார் அப்பா.

"அத்த யாரு சார் பாக்கறா? பால்காரன் தெருவுக்குள்ளயே வரமாட்டேன்றான். பெரிய பேஜாரா பூட்ச்சு."

சுமதியின் அப்பாவுக்கு வந்தது சாதாரண சளிக்காய்ச்சல்தான் என்று பரிசோதனையில் தெரிந்து, சில நாட்களில் வீடு திரும்பினார். அந்தச் செய்தியும் வந்தது. உள்பக்கத்தில், டெண்டர் விளம்பரங்களுக்கு நடுவே, தெருவின் பெயர்கூட இல்லாமல் நாலைந்து வரிகள். அப்பா அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தார். எங்களைத் தவிர அதை யாராவது படித்தார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, கேட்டுக்கு வெளியே பெற்றோர்கள் கூட்டமாக நின்றார்கள். குரோம்பேட்டையிலிருந்துகூட வந்திருந்தார்கள். சுமதி அவள் அம்மாவோடும் மருத்துவமனைச் சான்றிதழோடும் தலைமையாசிரியை அறைக்குப் போனாள். அங்கே நடந்ததை அன்று சாயங்காலம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னாள்.

"எங்கம்மா எவ்ளோ கெஞ்சினாங்க தெரியுமா? எச்.எம். அழாத குறைதான். 'எனக்குப் புரியுதும்மா, ஆனா நாளைக்குப் பாதி கிளாஸ் வரலைன்னா நான் என்ன பண்ணுவேன், கொஞ்ச நாள் போகட்டும்'னு சொல்லிட்டாங்கடி."

அந்தக் "கொஞ்ச நாள்" எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தயங்கினாலும், அப்பா என்னைத் தடுக்கவில்லை. "டாக்டரே ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டார், பேசட்டும் விடு" என்றார். தினமும் பள்ளி விட்டு வந்ததும் மதிலருகே நின்று அன்றைய பாடத்தை நான் ஒப்பிப்பேன். கணக்கில் நான் தடுமாறும் இடத்தில் அவளே வழியைச் சொல்லிவிடுவாள். வகுப்பில் உட்கார்ந்து கேட்ட எனக்கு, வகுப்புக்குள் விடப்படாத அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். தீபாவளி நெருங்கியும் பள்ளியிலிருந்து அழைப்பு வரவில்லை. கடைக்குப் போனால் அவள் அம்மாவைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். சுமதியின் தம்பியோடு விளையாட ஒரு பிள்ளையும் வரவில்லை.

அதற்குள் சூரத்தில் மில்லைத் திறந்துவிட்டார்கள். சுமதியின் அப்பா எங்கள் வீட்டு வாசலோடு நின்று, உள்ளே வரச் சொல்லியும் வராமல், அப்பாவிடம் சொன்னார்: "எல்லாரையும் கூட்டிட்டே போயிடறேன் சார். அங்க எல்லாரும் ஒரே மாதிரி பயந்தோம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பயப்படலை."

"பொண்ணு பத்தாவது சார். மார்ச்சுல பரீட்சை. அது முடியற வரைக்குமாவது..." என்றார் அப்பா.

"எந்த ஸ்கூல்ல எழுதுவா, சொல்லுங்க?"

ஊரெல்லாம் எந்த நகரத்தின் பெயரைக் கேட்டு நடுங்கியதோ, அந்த நகரத்துக்கே எங்கள் தெரு ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்தது. தாம்பரத்துக்குப் போக ஆட்டோ கிளம்பியபோது, ஏழுமலை வாடகை முன்பணத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, காலியான வீட்டைப் பூட்டப் போய்விட்டார். சுமதி என்னைப் பார்த்துக் கையசைத்தாள். அதுவரை சுமதியே வாங்கிவந்த கணக்கு முதல் மதிப்பெண்ணை அரையாண்டுப் பரீட்சையில் முதல் முறையாக நான் வாங்கினேன். யாரிடமும் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

அண்மையில் மாடம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நான் சுமதியை அடையாளம் கண்டுகொள்ளும் முன் அவளே வந்து என் தோளைத் தொட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு அவள் சித்தி முறையாம். தமிழில் லேசாகக் குஜராத்தி இழுவை ஏறியிருந்தது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு வீட்டையும் இடித்து ஒரே அடுக்குமாடியாகக் கட்டிவிட்டார்கள், மதில் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள் என்றேன். பள்ளியும் வேறு இடத்துக்குப் போய்விட்டது, பத்திரிகையும் நின்றுபோனது, ஏழுமலையும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றேன். எல்லாவற்றுக்கும் "ஓ" என்று தலையாட்டினாள்.

பக்கத்தில் அவள் மகள், கல்லூரியில் படிக்கிறவள், என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஆன்ட்டி, அம்மா எதுவரைக்கும் படிச்சாங்க? கேட்டா பேச்சை மாத்திடறாங்க."

சுமதி சட்டென்று மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க கிளாஸ்லயே உங்கம்மாதாம்மா ஃபர்ஸ்ட்" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. சுமதி திரும்பாமலேயே என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.