மூடு என்றால் மூன்று

ஆந்திர எல்லையில் நகரியில் ஒரு தமிழ் மீடியம் அரசுப் பள்ளிக்கு நான் ஹெச்.எம். ஆக இருந்தபோது, ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் சேர்ந்தால் அரசே ஃபீஸ் கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. முதலில் போனவள் என் ஃபர்ஸ்ட் ரேங்க் சரளா. அவள் அப்பா குமார் பவர்லூம் வேலைக்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து வந்தவர். வீட்டில் யாருக்கும் தெலுங்கு வராது. டை கட்டிக்கொண்டு மஞ்சள் பஸ்ஸிலிருந்து எனக்கே டாட்டா காட்டினாள். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

எங்கள் சத்துணவில் ஒரு முட்டை குறைந்தாலும் மண்டலக் கல்வி அதிகாரியான எம்.இ.ஓ. விளக்கம் கேட்பார். அந்தத் தனியார் பள்ளிகளை யார் கேட்பது? மீட்டிங்கில் கேட்டே விட்டேன்.

"அட்டெண்டன்ஸ் சரியா கீது மேடம், ஃபீஸ் போவுது. நமக்கென்ன?" என்றார்.

கொஞ்ச நாளில் குமார் மகளோடு வந்து நின்றார். "டீச்சர், மக்குன்னு சொல்லி கடைசி பென்ச்சுல ஒக்கார வெச்சிட்டாங்க. அழுதுகினே கீது."

என் சரளா மக்கா! கோபம் வந்தது. கூடவே, வேண்டும் நன்றாக வேண்டும் என்று ஒரு குஷியும் வந்தது.

"மிஸ்ஸு 'லெசன் மூடு'ன்னாங்க டீச்சர். நான் புக்க மூடிட்டேன். தெனம் இதே மாதிரிதான். எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றாள்.

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. மூன்றாம் பாடத்தை எடுக்கச் சொல்லியிருக்கிறார் அந்த மிஸ்.

நேரே அந்தப் பள்ளி கரஸ்பாண்டெண்டிடம் போனேன். "கவர்மெண்டு பணம் வாங்கறீங்க இல்ல? தமிழ் தெரிஞ்ச டீச்சர வைங்க. இல்லன்னா டி.இ.ஓ. கிட்ட போவேன்."

மறுப்பார், சரளா என்னிடமே திரும்பி வருவாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரோ டீ வரவழைத்தார். "கரெக்டுதான் மேடம். ஏற்பாடு பண்றேன்."

பண்ணினார். எனக்கிருந்த ஒரே துணையான தற்காலிக டீச்சர், வித்யா வாலண்டியர் கலைவாணியையே கூப்பிட்டுக்கொண்டார்.

"என்ன மேடம் பண்றது, அங்க மாசமானா சம்பளம் வருது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். சரளா அங்கேயும் ஃபர்ஸ்ட் ரேங்க் வந்தாள். அதைப் பார்த்து என் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக மஞ்சள் பஸ் ஏறினார்கள்.

இளைய டீச்சர்களுக்குச் சொல்வேன்: அரசுப் பணம் வாங்குகிற பள்ளியைக் கேள்வி கேளுங்கள். கேட்டால் நடக்கிறது. நான் எம்.இ.ஓ.விடமும் போய், கலைவாணி இடத்துக்கு ஓர் ஆள் கேட்டேன்.

"பசங்க ஸ்ட்ரெந்த் எங்க மேடம் கீது உங்ககிட்ட?" என்றார்.

பொறாமைப்படாமல் வேறென்ன செய்வது, சொல்லுங்கள்.