கோழிக்குக் கொடுத்த மருந்து

என் மனைவி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில் அவளுடைய கோழி ஒன்றை நான் சாகாமல் காப்பாற்றினேன். தெருவில் எல்லோரும் பாராட்டினார்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு பாராட்டை வாங்கிக்கொண்டேன். கோழியைப் பார்க்கத் தெரிந்த எனக்கு அவளைப் பார்க்கத் தெரியவில்லை. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், வேறு பெருமைக்கு இல்லை.

அப்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு ஆண் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தான். ஆற்றில் தண்ணீர் வராமல் தொடர்ந்து குறுவை பொய்த்திருந்தது. எனக்கு இடுப்பு ஒத்துழைக்காது. ஏஜென்ட் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "லேடீஸ்னா விசா உடனே வந்துரும்ங்க" என்றான். மாட்டை விற்று அவளை அனுப்பினோம். அனுப்பினோம் என்று பன்மையில் எழுதுவது என் பழைய புத்தி. அவள் போக மாட்டேன் என்று இரண்டு நாள் அழுதாள். அனுப்பியது நான்தான்.

எட்டு வயது மகளையும் நான்கு கோழிகளையும் விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு சாம்பல் பெட்டை அவளுக்கு உயிர். குஞ்சாக இருந்தபோது தாயைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட, இவள் மடியில் வைத்து வளர்த்தது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமையில், முக்குக் கடை டெலிபோனுக்குப் பேசுவாள். எடுத்ததும், "கோழி எப்படி இருக்குங்க?" என்றுதான் கேட்பாள். மகளைப் பற்றி முதலில் கேட்டால் குரல் உடைந்து, பிறகு பேச்சே வராது. கோழியில் ஆரம்பித்தால்தான் மகளுக்கு வந்து சேர முடிந்தது. அந்தக் கோழிக்கு ஒன்று ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

ஒரு மாதத்தில் கீரி வந்து மூன்று கோழிகளைக் கொண்டுபோய்விட்டது. சாம்பல் பெட்டையை வெளியே விட எனக்குத் தைரியம் வரவில்லை. கொல்லையில் சிமெண்ட் தரையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே அம்மிக் குழவியை வைத்து, அதற்குள்ளேயே அடைத்து வைத்தேன். நான் வேலை பார்த்தது புது மாடல் ரைஸ் மில்லில். அரிசியைக் கண்ணாடியாகத் தீட்டி அனுப்புவார்கள். அங்கிருந்து பச்சரிசி நொய் கொண்டுவந்து போட்டேன். மல்லிகைப் பூ கெட்டது, அப்படி ஒரு வெள்ளை. முன்பெல்லாம் கோழி மாட்டுத் தொட்டியில் சிந்திய தவிட்டைப் பொறுக்கும், எருக்குழியைக் கிளறும். பொண்டாட்டி வெளிநாட்டில் சம்பாதிக்கும்போது அவள் கோழி தவிட்டைத் தின்பதா என்று எனக்கு ஒரு ரோஷம். அவளுக்கும் அங்கே வெள்ளைச் சோறுதான். "வயிறு நெறய சோறு போடுறாங்க. குழம்பு எப்பவாச்சும் மிஞ்சும், இல்லன்னா டீயை ஊத்திச் சாப்புடுறேன்" என்று கடிதம் எழுதியிருந்தாள். ரேஷன் அரிசி தின்றவளுக்கு பாஸ்மதி கிடைக்கிறதே என்று அதைத் தெருவில் நான்கு பேரிடம் படித்தும் காட்டினேன்.

அடைத்து வைத்த மூன்றாவது வாரம் கோழி தள்ளாடியது. இரண்டு அடி வைக்கும், உட்கார்ந்துவிடும். மறுநாள் பஞ்சாரத்தைத் தூக்கினால் கால்களை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. கழுத்து பின்னால் வளைந்து கொண்டை முதுகில் இடிக்க, கண் வானத்தைப் பார்க்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினால் குனிய முடியாமல் பின்பக்கமாகக் கவிழ்ந்தது. மகள் கத்தி அழுதாள்.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இது வெள்ளைக் கழிச்சல் நோய்தான் தம்பி. கழுத்து திருகிக்கிச்சுன்னா பொழைக்காது. இன்னிக்கே அறுத்துடுங்க, கொழம்புக்காவது ஆவும்" என்றார்.

"அவ கேட்டா என்ன சொல்றது? ருசியா இருந்துச்சுன்னு சொல்லவா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் ஊர் வழக்கத்தைத்தான் சொன்னார்.

கோழியைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். மகளும் பின்னால் உட்கார்ந்து கூடையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் நிதானமான மனிதர். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். எச்சம் பச்சையாகவோ வெள்ளையாகவோ போகிறதா, மூச்சு இரைகிறதா, தெருவில் வேறு கோழி சாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கால் விரல்களை நசுக்கிப் பார்த்தார். பிறகு, "என்ன தீனி போடுறீங்க?" என்றார்.

"பச்சரிசி நொய்ங்க. கல்லு தூசி இல்லாத சுத்த வெள்ளை" என்றேன் பெருமையாக.

"வேற?"

"வேற எதுக்குங்க?"

அவர் சிரித்துவிட்டார். "கழுத்து இழுக்குறதெல்லாம் வெள்ளைக் கழிச்சல் இல்லைங்க. நரம்புக்கு வேண்டிய சத்து தவிட்டுல இருக்கு. அதத் தீட்டி எடுத்துட்டு வெறும் அரிசியப் போட்டா நரம்பு செத்துப்போவும். மொதல்ல காலு, அப்பறம் கழுத்து. விட்டா நெஞ்சு நின்னுரும். ஒரு ஊசி போடுறேன், சொட்டு மருந்து தரேன். ரெண்டு நாள்ல தலை நேரா நின்னா நான் சொன்னது சரி. நிக்கலைன்னா அந்தம்மா சொன்னது சரி."

மருந்தை அலகின் ஓரமாக விட வேண்டும், நடுவில் விட்டால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று மகளுக்குத்தான் செய்து காட்டினார். அவள் மடியில் வைத்துக்கொண்டு சொட்டு சொட்டாக விட்டாள். எங்கள் மில் தவிடு எண்ணெய் ஆலைக்குப் போய்விடும் என்பதால், நான் நெல் அரைக்கும் பழைய ஹல்லர் மில்லுக்குப் போய்த் தவிடு கேட்டு வாங்கி, கேழ்வரகு மாவோடு பிசைந்து உருட்டி ஊட்டினேன். சாயங்காலமே கழுத்து கொஞ்சம் இறங்கியது. மறுநாள் காலையில் தானாகக் குனிந்து தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்று என் கையைக் கொத்தியது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு எப்போது வந்தது என்று தெரியவில்லை.

அந்த வாரமே அவள் பேசும் வெள்ளிக்கிழமை வந்தது. கடைக்காரர் கூப்பிட்டு அனுப்ப, ஓடிப் போய் டெலிபோனை எடுத்தேன். அவள் கேட்பதற்கு முன்னால் நானே கோழிக் கதையை ஆரம்பித்துவிட்டேன். தள்ளாடியது, கழுத்து வளைந்தது, டாக்டர் துப்பறிந்தது, நான் தவிடு தேடி அலைந்தது, எதையும் விடவில்லை. அவள் 'ம்' கொட்டிக் கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"எனக்கும் கொஞ்ச நாளா அப்படித்தாங்க இருக்கு. காலு மரத்துப் போவுது. செருப்பு கழண்டு விழுந்தாக்கூடத் தெரியல. ராவுல பாதம் நெருப்பா எரியுது. மாடிப்படி ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்குது."

"அப்ப நீயும் தவிடு தின்னு!" என்றேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு, ஊரில் சிரித்த சிரிப்பு. நானும் சிரித்தேன். "குளிர்ச்சியா எண்ணெய் தேச்சுக்க, ஏசி ஒடம்புக்கு ஒத்துக்கல" என்று வைத்தியமும் சொன்னேன். யாரோ கூப்பிடுகிறார்கள், வைத்துவிடுகிறேன் என்றாள். அன்றைக்கு மகளோடு பேச நேரமில்லாமல் போயிற்று. நேரத்தைக் கோழியும் நானும் தின்றுவிட்டோம்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா என்ன சொன்னாள் என்று மகள் கேட்டாள். கால் மரத்துப் போகிறதாம், கோழி மாதிரியே அவளுக்கும் வந்துவிட்டதாம் என்று வேடிக்கையாகச் சொன்னேன். மகள் நடு ரோட்டில் நின்றாள். "அப்பா, அந்த மருந்து அம்மாவுக்கும் ஒரு பாட்டில் அனுப்பலாம்ப்பா. அம்மாவும் வெறும் சோறுதானே சாப்புடுது."

"கோழிக்குக் குடுக்குறத மனுசிக்குக் குடுப்பாங்களா? அறிவு கெட்டவளே, வாயை மூடிக்கிட்டு நட" என்றேன். மூடிக்கொண்டாள்.

அடுத்த முறை பேச வேண்டிய வெள்ளிக்கிழமை டெலிபோன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அந்த வெள்ளிக்கிழமை காலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாளாம். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு முப்பத்தொரு வயது. திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியை வாங்கினோம். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. என் கைக்குள் அடங்கும் பாதங்கள் அவை.

வெகு நாள் கழித்து கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, கோழிக்கு வந்ததுதான் அவளுக்கும் வந்ததா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து யோசித்துத்தான் பேசினார். "நேர்ல பாக்காம சொல்லக் கூடாதுங்க. வேற காரணமும் இருக்கலாம். ஆனா நீங்க சொல்றதப் பாத்தா... இருக்கலாம்." மனிதருக்கு அதற்கு மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு, சாதாரண மாத்திரைதான், எந்தக் கடையிலும் கிடைக்கும் என்றார்.

மகள் இப்போது நர்ஸாக இருக்கிறாள். கால் மரத்துப் போகிறது என்று யார் வந்தாலும் முதலில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பாளாம், கூட வேலை செய்கிறவர்கள் சொல்லித் தெரியும். என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறாள், வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். அன்றைக்கு ரோட்டில் நடந்ததைப் பற்றி மட்டும் இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாயை மூடு என்று நான் சொன்னதை அந்த ஒரு விஷயத்தில் அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.