என் பெயரில் ஒரு வைஃபை

நான் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டில் நின்று போனைத் திறந்தால் பதினொரு வைஃபை பெயர்கள் வரிசையாக வரும். பதினொன்றுக்கும் பூட்டுப் படம். அதில் ஒன்றின் பெயர் 'பிட்டே நிஷ்ட் ஃப்ராகன்'. தயவுசெய்து கேட்காதீர்கள் என்று அர்த்தம். ஒரு மனுஷன் தன் வீட்டு இணையத்துக்குப் போய் இப்படியா பெயர் வைப்பான் என்று ஜெர்மனிக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. வந்து ஆறு வருஷமாகிறது. இப்போது அந்தப் பெயரைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருப்பவர்கள் என்னைத் தாராளமாகத் திட்டலாம். என்னைப் போல ஊரைவிட்டு வந்து, பெற்றவர்கள் வீட்டு இணைப்பைத் தன் பெயரில் வாங்கிக் கொடுத்துவிட்டு, இங்கே உட்கார்ந்தபடி அங்கே நாட்டாமை செய்துகொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலைக்காக வந்தேன். வீடு கிடைத்த அன்றே இணையத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆள் வருவார் என்று பதில் வந்தது. ஐந்து வாரம்! எங்கள் ஊரில் காலையில் சொன்னால் சாயங்காலம் ஏணியோடு வந்து நிற்பார்கள். அதுவரை அம்மா முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? கேசரி கிளறினேன். ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு ஃப்ராவ் பெக்கரின் கதவைத் தட்டினேன். ஃப்ராவ் என்றால் திருமதி. அறுபத்தைந்து வயதிருக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியை. தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டார். அரைகுறை ஜெர்மனில் வைஃபை பாஸ்வேர்டு கேட்டேன். "ஆஹ்," என்றார். கதவு மூடிவிட்டது. எழுதி எடுத்துவரத்தான் உள்ளே போகிறார் என்று கால் மணி நேரம் நான் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் என் வாசலில் தட்டு இருந்தது. பளிச்சென்று கழுவியிருந்தது. அதன்மேல் ஒரு சீட்டு: நகர நூலகத்தின் முகவரி, திறக்கும் நேரம், அங்கே இணையம் இலவசம் என்ற தகவல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேசரியைத் தின்றுவிட்டு லைப்ரரிக்குப் போ என்கிறாளே, இவளும் ஒரு பொம்பளையா என்று தமிழில் சத்தமாகவே கேட்டேன். என் ஜெர்மன் கொஞ்சம் தேறிய பிறகு அவரே ஒருநாள் காபிக்குக் கூப்பிட்டு விளக்கினார். முன்பு அவர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்த மாணவன் ஒரு சினிமாவைத் திருட்டுத்தனமாக இறக்கியிருக்கிறான். வக்கீல் கடிதம் வந்ததோ இவர் பெயருக்கு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் வருவார்கள் என்றார். "உங்களை நம்புகிறேன். நீங்கள் யாரையெல்லாம் நம்புவீர்கள் என்று எனக்குத் தெரியாதே." என்ன கல்மனசு என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

ஏனென்றால் நான் வளர்ந்த இடம் அப்படி. திருவண்ணாமலையில், கலெக்டர் ஆபீஸ் தாண்டி வேங்கிக்காலில் எங்கள் வீடு. அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் கட்டியது. அவர் இப்போது இல்லை, அம்மா மட்டும்தான். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் போனபோது என் ஆதாரைக் கொடுத்து, என் பெயரில் இணைப்பு வாங்கிப் போட்டேன். பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று அம்மாவைக் கேட்டேன். "சாமி பேரு வையி, மறக்காது," என்றாள். அருணாச்சலா, அதன் பின்னால் நூற்றெட்டு. எங்கள் ஊரில் பத்து வீட்டில் இதைப் போட்டுப் பார்த்தால் நாலு வீடாவது திறக்கும் என்று நினைக்கிறேன். அம்மா அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தாள். யார் கேட்டாலும் போனை ஃப்ரிட்ஜுக்கு நேராகக் காட்டச் சொல்வாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்து எங்கள் தெருவில் காரை நிறுத்துகிறவர்கள் தண்ணீர் கேட்டு வருவார்கள். தண்ணீரும் கிடைக்கும், நெட்டும் கிடைக்கும். கேட்ட பிறகு இல்லை என்று சொல்வது அம்மாவுக்கு முகத்தில் அடிக்கிற காரியம்.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்கா குடும்பம் இதையெல்லாம் கேட்க வேண்டியதே இல்லை. அவர் மகன் இர்ஃபான்தான் அந்த ரவுட்டரை ஆணியடித்து மாட்டினான். ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு கத்தார் வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருந்தான். அவன் நேர்காணல்கள் எல்லாம் எங்கள் வைஃபையில்தான் நடந்தன. அம்மாவைப் பெரிம்மா என்பான். மாத்திரை வாங்கித் தருவதும், கேஸ் சிலிண்டர் மாற்றுவதும் அவன்தான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ரவுட்டரைக் கவனிக்க என் போனில் ஒரு செயலி இருந்தது. எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது, எப்போது சேர்ந்தது, எப்போது விட்டது என்று இங்கிருந்தே பார்க்கலாம். அம்மாவின் போன், டிவி, 'இர்ஃபான் மொபைல்'. அவன் தன் போனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான். டிவி அணைந்தால் அம்மா தூங்கப் போய்விட்டாள். இர்ஃபான் பெயர் வந்தால் அவன் வீடு திரும்பிவிட்டான். ஒருநாள் அவனிடமே, "என்னடா, ரெண்டு நாளா வீட்லயே காணோம்," என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான். சிரித்து மழுப்பினேன். ஓசியில் நெட் கொடுத்துவிட்டு, அவன் வருவதையும் போவதையும் அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தப்பு என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை, அக்கறை என்று நினைத்தேன்.

போன வருஷம் கார்த்திகை தீபம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். மதிய இடைவேளையில் அம்மா கூப்பிட்டாள். "ஒரு போலீஸ்காரர் வந்துட்டுப் போனாரு. உன் பேரச் சொல்லிக் கேட்டாரு." தீபத்துக்கு ரூம் இருக்கிறது என்று பொய் விளம்பரம் போட்டு, வெளியூர்க்காரர்களிடம் யாரோ முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த விளம்பரம் எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து போயிருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம். என் பெயரில் ஊரில் ஒரு வழக்கு இருந்தால் என்ன ஆகும்? அதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"நெட்டு யார் யார் யூஸ் பண்றாங்கன்னு கேட்டாரு. நான் மட்டுந்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன்மா பொய் சொன்ன?"

"அந்தப் புள்ளைக்கு விசா வர்ற நேரம். போலீஸ் சர்டிபிகேட்டுக்கு எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கான். அவன் பேர எதுக்கு இழுக்கணும்?"

"அப்ப என் பேரு?"

"உன் பேரு ஏற்கெனவே அதுல இருக்குது. நீ அங்க இருக்கிறது ஊருக்கே தெரியும். உன்னை என்னா பண்ணிடுவாங்க? ரெண்டு நாள் நான் போய் உக்காந்து பதில் சொல்லிட்டு வர்றேன். ஃப்ரிட்ஜுல ஒட்டின தாளைக்கூட கிழிச்சிட்டேன்."

அறுபது வயதுக்கு மேல் போலீஸிடம் பொய் சொல்லிவிட்டு, ஆதாரத்தை வேறு கிழித்திருக்கிறாள். நான் கத்தினேன். இங்கே ஒருத்தரும் இப்படிச் செய்யமாட்டார்கள், கேட்டதற்கு உண்மையைச் சொல்வார்கள், அதோடு முடிந்துவிடும் என்று பாடம் நடத்தினேன். அம்மா, "உங்க ஊர்ல முடிஞ்சிடும்," என்று மட்டும் சொன்னாள். நான் கேட்கவில்லை. அந்த அதிகாரி விட்டுப்போன எண்ணை வாங்கி, நானே கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். செயலி சேமித்துவைத்திருந்த பழைய பட்டியலைப் படம் பிடித்து அனுப்பினேன். தீப நாட்களில், அந்த விளம்பரம் போன நேரத்தில், அதில் நான்கு வரிகள். முதலாவது அம்மா போன், இரண்டாவது டிவி. மூன்றாவது இர்ஃபான் மொபைல், பக்கத்து வீடு என்று எழுதினேன். நான்காவது வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு கருவி. யாரென்று தெரியாது என்று எழுதினேன். ஒரு பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. நல்ல குடிமகளாக நடந்துகொண்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம் படியில் ஃப்ராவ் பெக்கரைப் பார்த்தபோது, இவரல்லவா சரி என்றுகூட நினைத்தேன்.

பட்டியலில் அம்மாவைத் தவிர பெயர் தெரிந்த ஆள் இர்ஃபான் ஒருவன்தான். அதனால் அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று முறை போய்வந்தான். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை சர்டிபிகேட் கிடைக்காது என்று ஆகிவிட்டது. கத்தார் ஓட்டல்காரன் எத்தனை நாள் காத்திருப்பான்? அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டான். நூர்ஜஹான் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா தானே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அதை அம்மா என்னிடம் சொல்லவில்லை, வேறு ஆள் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த நான்காவது கருவி யாருடையது என்று கடைசியில் கண்டுபிடித்தார்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து தீபம் பார்க்க வந்து இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கிய சரவணன். என் சொந்த அத்தை மகன். விளம்பரம் போட்டதும் அவன்தான். அவனுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது அம்மாகூட இல்லை. வந்திறங்கியதும் அவன் எனக்குத்தான் போன் செய்தான், நான்தான் வாட்ஸப்பில் அனுப்பினேன், சிரிக்கிற பொம்மை ஒன்றோடு. யாரென்று தெரியாது என்று போலீஸுக்கு எழுதிய நேரத்தில் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் நினைவுக்கு வந்திருக்கும். யோசிக்கவில்லை. சொந்தக்காரனைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பையன் பெயரை எழுதக் கை கூசவில்லை. இதுதான் உண்மை. எதற்காக அந்தக் கை அப்படிப் போயிற்று என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியாமல் இல்லை, சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

இர்ஃபானைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா, உங்க நிலைமை அப்படி," என்றான். என் அனுமதிக் கடிதம் அடுத்த மாதமே வந்தது. வழக்கைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஃப்ராவ் பெக்கர் பூங்கொத்து கொடுத்து வாழ்த்தினார். நடந்ததை அவரிடம் சொன்னபோது, "ஆனால் நீங்கள் சரியாகத்தானே செய்தீர்கள்?" என்றார். தலையாட்டி வைத்தேன்.

இந்த முறை லீவில் போனபோது ஹாலில் புது ரவுட்டர் இருந்தது. பழைய இணைப்பை அம்மா நிறுத்திவிட்டாள். "இது என் பேர்ல வாங்கினது. யார் வந்து கேட்டாலும் நானே பதில் சொல்லிக்கிறேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"உனக்கு எதுக்குமா? ஒரு மாசந்தானே இருப்ப. உன் போன்ல நெட்டு இருக்குதில்ல?"

"அம்மா, நான்மா."

"வேணும்னா இர்ஃபானக் கேளு. அவன்தான் மாட்டிக் குடுத்தான், அவனுக்குத்தான் தெரியும்."

அவன் இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அறைச் சாவியையும் வைஃபை பாஸ்வேர்டு எழுதிய சீட்டையும் கொடுப்பது அவன் வேலை. அன்று விடுமுறை போல, காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். நான் போனும் கையுமாக வாசலுக்கு வந்து நின்றதைப் பார்த்தான்.

"எப்ப வந்தீங்கக்கா? என்னக்கா, நெட்டு வரலையா?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கேட்க முடியவில்லை. "வருதுப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அப்பா கட்டிய வீட்டின் ஹாலில், அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து, என் ஜெர்மன் சிம்மில் ரோமிங்கைத் திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. இந்தியாவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று அதில் ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது.